ராசியான மடி

“உனக்குக் காது குத்தும்போது யாரும்மா மடியில வச்சிருந்தாங்க?”

டாக்டர் ரெஜினா இப்படிக் கேட்டபோது சுடர்க்கொடிக்கு ஒன்றுமே விளங்கவில்லை. உள்ளே, பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம், அவள் அண்ணன் நயினார் கிடந்தான். முப்பத்து மூன்று வயது. காற்றாலை உச்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தானாம். இடுப்புக் கயிறு இருந்ததால் கீழே விழவில்லை. ஆளை இறக்குவதற்குள் உயிர் இல்லை. அழுதுகொண்டு நிற்கிறவளிடம் வந்து காது குத்தின கதையைக் கேட்கிறாளே இந்தம்மா என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

“எங்க மாமா,” என்றாள்.

“அண்ணனுக்கு?”

“அவனுக்கும் அவியதான்.”

“அம்மா கூடப் பிறந்தவரா?”

சுடர்க்கொடி தயங்கினாள். கோமதிநாயகம் மாமா அம்மாவுடன் பிறந்தவர் இல்லை. சித்தப்பாவின் மனைவிக்கு அண்ணன்.

“முறைக்கு மாமா. பேரு கோமதிநாயகம்,” என்றாள்.

டாக்டர் அங்கே கிடந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

நயினார் பிறப்பதற்குச் சில வருஷம் முந்தித்தான் தோடு வந்தது. கடுகைவிடச் சற்றுப் பெரிய கல். பிள்ளைக்கோ பெரியவருக்கோ வலது காதுமடலில் குத்திவிட்டால் ஆயுள் முழுக்க ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பை அளந்துகொண்டே இருக்கும். கல் வெள்ளையாக இருந்தால் பயமில்லை. மஞ்சளானால் கவனம். சிவந்துவிட்டால் ஆபத்து. ஆனால் எவ்வளவு கொழுப்பு ஆபத்து என்று தோடு தானாக அறியாது. வயது ஏற ஏற எல்லோருக்கும் அளவு ஏறத்தான் செய்யும். ஒரு குடும்பத்தை ஒன்றும் செய்யாத அளவு இன்னொரு குடும்பத்தைச் சாய்த்துவிடும். அதனால் அதே ரத்தத்தில் வயதில் மூத்த ஒருவர் தோட்டுக்கு வழிகாட்ட வேண்டும். தகப்பன் வழிக்குப் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே ஒரு சொட்டு எடுத்துவிடுவார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொழுப்பு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால் அவளிடம் எடுப்பதில்லை, அவளுடன் பிறந்தவனிடம் எடுப்பார்கள். காது குத்தும்போது தாய்மாமன் மடியில் பிள்ளையை வைப்பது நம் பக்கத்தில் என்றைக்கும் உள்ளதுதானே. தோடு செய்கிற கம்பெனிக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மடியில் வைத்திருப்பவர் விரலில் ஒரு சொட்டு, அவர் கொழுப்பு எவ்வளவு, அதை அவர் உடம்பு தாங்குகிறதா என்று படித்துக்கொள்ள. அன்று முதல் மாமன் ரத்தத்தை வைத்தே பிள்ளையின் தோடு நல்லது கெட்டது சொல்லும்.

மடியில் வைக்க உடன்பிறந்தவன் இல்லையென்றால் முறையுள்ள யாரையாவது உட்கார வைப்பதும் நம் வழக்கம்தான். அதை யாரும் கம்பெனிக்குச் சொல்லவில்லை. கம்பெனியும் கேட்கவில்லை.

“செருப்பைக் கழத்து,” என்றாள் டாக்டர்.

சுடர்க்கொடியின் குதிகாலுக்கு மேலே, பின்பக்க நரம்பை அமுக்கிப் பார்த்தாள். கயிறு திரித்ததுபோல் தடித்திருந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நடந்து நடந்து தடித்துவிட்டது என்று இவள் நினைத்திருந்தாள்.

“உங்க அண்ணனுக்கும் இருக்கு. நீ பாத்ததில்லையா?”

விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கைக்கருவியில் வைத்தாள். கருவி சொன்ன எண்ணை இவளுக்குக் காட்டினாள்.

“முன்னூத்திப் பத்து. ரத்தத்துல ஓடுற கொழுப்பை ஈரல்தான் பிடிச்சு உள்ள இழுக்கணும். உங்க குடும்பத்துல பிடிக்கிற கையில பாதி பிறக்கும்போதே இல்ல. மத்தவங்க குழாய் அறுபதுல அடைச்சா, உங்களுக்கு முப்பதுலயே அடைச்சிரும்.”

“ஆனா எந் தோடு வெள்ளையாத்தானே இருக்கு?”

“ஏன் வெள்ளையா இருக்குன்னு சொல்றேன். உங்க கோமதிநாயகம் மாமாவை நான் சோதிச்சுப் பாத்திருக்கேன், வாலிபத்துல இருந்தே முன்னூறு. ஆனா அவர் குழாய் கண்ணாடி மாதிரி இருக்கு. லட்சத்துல ஒருத்தருக்கு வாய்க்கிற உடம்பு அது. அவரோட சேர்த்த தோடு என்ன நினைக்கும்? முன்னூறா, இருக்கட்டும், நம்ம குடும்பத்துல இது சகஜம்னு வெள்ளையாவே உக்காந்திருக்கும். நெஞ்சு நிக்கிற வரைக்கும் வெள்ளைதான்.”

சுடர்க்கொடி கையை உயர்த்தித் தன் தோட்டைத் தொட்டாள்.

அறுபத்தெட்டு வயதுக் கோமதி மாமாவைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. பந்தல் போடுகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆட்டுக் கொழுப்பை உருக்கிச் சோற்றில் ஊற்றித் தின்பார், மரத்தில் ஏறி மூங்கில் கட்டுவார். அவர் மடியில் காது குத்திய பிள்ளை எதுவும் மஞ்சளானதில்லை என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்லப்போக, ராசியான மடி என்று பேர் பரவிவிட்டது. பங்குனி உத்திரம் வந்தால் சாஸ்தா கோயிலுக்கு அவரை வண்டி வைத்து அழைத்துப் போவார்கள். சொந்தக்காரர்கள் மட்டும் இல்லை, முறை எப்படி என்று விரல் மடக்கிக் கண்டுபிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் வருவார்கள்.

“அப்ப அவிய மடியில உக்காந்த பிள்ளைய…”

“எல்லாரும் இல்ல. கெட்ட ரத்தம் உள்ளவங்க மட்டும். ஆனா யாருக்கு நல்ல ரத்தம், யாருக்குக் கெட்டதுன்னு யாருக்கும் தெரியாது. எல்லா காதும் ஒரே வெள்ளை. கம்பெனிக்கு எழுதிட்டேன், யாரை மடியில வைக்கிறதுங்கிறது உங்க இஷ்டமாம். ஊர்ல சொன்னேன், வெள்ளைக் காதைச் சிவப்பாக்கப் பாக்கிறேன்னு ஏசுறாங்க.”

“எனக்கு மருந்து குடுங்க டாக்டர்.”

“என் கையில இல்லம்மா. வருஷத்துக்கு ரெண்டு ஊசி போட்டா நீ தொண்ணூறு வயசு வரைக்கும் இருப்பே. ஆனா தோடு சிவந்தாத்தான் ஆஸ்பத்திரி ஊசிப் பெட்டியோட பூட்டுத் திறக்கும். கம்பெனிக் கருவியில மாமாவோட உள்ள அந்தப் பொய்த் தொடர்பை அறுத்துவிட்டா, தோடு எல்லாருக்கும் பொதுவான அளவை வச்சுச் சொல்லும், அப்பத்தான் உனக்கு மருந்து.” டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தாள். “பிள்ளை இருக்கா?”

“பொண்ணு. ஒரு வயசு முடிஞ்சுட்டு.”

“அதுக்கு வந்திருக்கவும் பாதி வாய்ப்பு, வராம இருக்கவும் பாதி. காது குத்தியாச்சா?”

“இந்த உத்திரத்துக்கு.”

“யாரு மடி?”

சுடர்க்கொடி பச்சைத் திரையைப் பார்த்தாள். மடியில் வைக்க வேண்டியவன் அங்கே கிடந்தான்.

டாக்டருக்கும் அப்போதுதான் உறைத்தது. எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். “பிள்ளை பால் குடிக்க மறந்துட்டா உன் விரலே போதும். தோட்டுக்கு ஆம்பள வேணும்னு கணக்கே இல்ல. மடிங்கிறதெல்லாம் நாம சேத்துக்கிட்டது.”

*

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கலைந்துபோன மறுநாள், அம்மா செண்பகவல்லி கொல்லையில் நயினாருடைய சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். துவைத்ததையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“யம்மா, ஒன்கூடப் பொறந்த பாண்டி மாமா எங்கள ஏன் மடியில வைக்கல?”

“இப்ப எதுக்குட்டி அந்தப் பேச்சு?”

“சொல்லேன்.”

“அவன் காது அப்பவே மஞ்ச. முடிய நீளமா வளத்து மறச்சுக்கிட்டு அலைஞ்சான். கோயிலுக்குப் பட்டு வேட்டி கட்டிக்கிட்டு வந்து நிக்கான், காத்து அடிச்சு முடி விலகிட்டு. மஞ்சக் கல்லு நல்லாத் தெரிஞ்சிட்டு. அவன் ஒரு சொட்டு ரத்தம் குடுத்தாம்னா எம் பிள்ள காதும் மஞ்சளாயிரும். மஞ்சக் காதுக்காரன எவன் வேலைக்குச் சேப்பான், எவன் பொண்ணு குடுப்பான்? உங்க சித்தியோட அண்ணாச்சி பக்கத்துல நின்னாவ. நீங்க உக்காருங்கன்னு சொல்லிட்டேன்.”

“மாமா ஒண்ணும் சொல்லலியா?”

“சொல்லாம இருப்பானா? கோயில் இடிஞ்சு விழுத மாதிரி கத்துனான். எம் பொணத்துக்குக்கூட நீங்க வரக்கூடாதுன்னுட்டுப் போனான். போகல, நாங்க.”

“எத்தன வயசுல செத்தாவ?”

அம்மா சட்டையைப் பிழிந்தாள். “நாப்பது. குடிச்சுச் செத்தாம்னு சொன்னாவ.”

“குடியில்லம்மா. நயினாரும் அதுலதான் போனான். எனக்கும் அதுதான் இருக்கு. டாக்டரு பாத்துச் சொல்லிட்டாவ. ஊசி போட்டிருந்தா அவன் இப்ப நம்மகூட இருப்பான்.”

செண்பகவல்லி நிமிர்ந்தாள். அந்தப் பார்வையைச் சுடர்க்கொடி அதற்கு முன் கண்டதில்லை.

“எம் பிள்ள வெள்ளக் காதோட வாழ்ந்தாண்டி. வெள்ளக் காதுன்னுதான் காத்தாடியில ஏற விட்டானுவ. தெருவுல தல நிமிந்து நடந்தான். அதுக்கு என்ன சொல்லுத?” என்று கேட்டவள், கையிலிருந்த சட்டையை முகத்தில் அப்பிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் சுயம்பு நல்லவன்தான். நயினாருக்குப் பதிலாகக் கோமதி மாமா மடியில் பிள்ளையை வைக்க ஏற்பாடாகியிருந்தது; அது வேண்டாம் என்றதும் சிரித்தான்.

“டாக்டரம்மாவுக்கு வேற சோலி இல்ல. பாதிக்குப் பாதின்னுதான சொல்லுதா? அப்ப பாதி நல்லாருக்கும்லா.”

“மீதி?”

“அதுக்குத்தான் மாமா மடியில வைக்கோம். முழுசும் நல்லாயிரும்.”

“தோடுதாங்க நல்லாருக்கும்.”

“நமக்கு அதுதானட்டி வேணும்?”

சொல்லி முடித்ததும் அவன் வாய் அப்படியே நின்றுவிட்டது. தொட்டிலில் பூங்கனி கால் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு கிடந்தாள். சுயம்பு தொட்டிலையும் பார்க்காமல் மனைவியையும் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டான்.

“எங்கம்மாகிட்ட என்னால பேச முடியாது. ஒன்னால முடிஞ்சா பேசு.”

அவளாலா? எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அழுகை வரும் என்பதற்காகவே விட்டவள். மாமியாரிடம் உப்பு வேண்டுமென்று கேட்பதற்கே ஒரு மணி நேரம் யோசிக்கிறவள். உத்திரம் நெருங்க நெருங்க, மாமியாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எழுவதும், அடுக்களை வாசல்வரை போய்த் திரும்பிவிடுவதுமாக இருந்தாள். அழைப்பு போயிற்று. மாமாவுக்குச் சால்வை வந்தது. அவள் வாய் திறக்கவே இல்லை.

*

சாஸ்தா கோயிலில் ஒரே கூட்டம். மருதமரத்து நிழலில் தோட்டுக் கம்பெனிக்காரர்கள் கூடாரம் போட்டு, நடுவில் மணைப்பலகை வைத்திருந்தார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளைகள் வரிசையாக வீறிட்டுக்கொண்டிருந்தன.

கோமதி மாமா வந்து இறங்கியதும், “மாமா வந்தாச்சு” என்று எல்லா முகமும் திரும்பியது. முந்தின வருஷங்களில் அவர் மடியில் காது குத்திய பிள்ளைகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துத் தொங்கின.

“யார்றா இவன், எம் மடியில மூத்திரம் பேஞ்ச பய! மீச முளச்சுட்டா?” என்று ஒரு பொடியன் கன்னத்தைக் கிள்ளினார். சுடர்க்கொடியைக் கண்டதும் சிரிப்பு போய்விட்டது. “தாயி, நான் கெடக்கேன், அவன் போயிட்டான் பாரு. இந்தக் கையால அவன் ஒடம்புமேல கோடித்துணி போட்டேன். எமனுக்குக் கண்ணில்ல.”

இவர் கையைத் தட்டிவிடவா போகிறோம்?

“அண்ணாச்சி, உக்காருங்க,” என்று மாமியார் மணையைக் காட்டினாள். மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, செருப்பைக் கழற்றப் போனார்.

அந்த இடைவெளியில் சுடர்க்கொடி போய் மணையில் உட்கார்ந்துவிட்டாள். பூங்கனியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எப்படி உட்கார்ந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஏளா! அது மாமன் உக்காருத எடம்.”

“தெரியும் அத்த.”

“தெரிஞ்சா எந்திரி. கூறுகெட்டவளே, பொம்பள உக்காந்து காது குத்துன கூத்து எங்கயாவது உண்டா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ, “புள்ளைக்கு அண்ணன் செத்த கவல, மண்ட கலங்கிட்டு” என்றார்கள். சுயம்பு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் அவளை எழுப்ப வரவில்லை.

மாமா கிட்டே வந்து குனிந்தார். “தாயி, நான் எதும் தப்புப் பண்ணிட்டனா? நான் வேண்டாம்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, வந்திருக்க மாட்டேன்லா?”

“ஒங்க ரத்தம் ஒங்களுக்கு நல்லது மாமா,” என்றாள் சுடர்க்கொடி. குரல் எப்படியோ வந்துவிட்டது. “எங்களுக்கு அது பொய் சொல்லுது. நயினாரக் காத்தாடியில இருந்து எறக்கும்போதும் அவன் தோடு வெள்ளதான். செத்த பொறவும் வெள்ளதான்.”

சிரிப்பு நின்றது.

கருவியோடு உட்கார்ந்திருந்த கம்பெனிப் பெண்ணுக்கு வரிசை நகர்ந்தால் போதும். “யாரு விரல்க்கா?”

“என் வெரலு.”

“பால் மறக்கடிச்சாச்சா? சரி.” அவள் சுடர்க்கொடியின் விரலைக் கருவியில் வைத்தாள். கருவி கீச்சிட்டது. “அக்கா, ஒங்க தோடு வேற ஒருத்தரோட சேந்திருக்கு. ஒங்களப் பாப்பாவோட சேக்கணும்னா அத அறுக்கணும். அறுக்கவா?”

எல்லோர் காதிலும் விழுகிறமாதிரித்தான் கேட்டாள். மாமா அந்தக் கருவியைப் பார்த்தார். அறுக்கப்போவது யாரை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“அறு,” என்றாள் சுடர்க்கொடி.

தன் காது தனக்குத் தெரியாது. எதிரே நின்றவர்கள் முகத்தில்தான் அவள் பார்த்தாள். மாமியாரின் கை வாயைப் பொத்தியது. சித்தி ஓர் அடி பின்னால் போனாள். சுயம்பு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான், பார்த்த கண்ணை எடுக்க முடியாமல் நின்றான். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து செண்பகவல்லி, “ஐயோ, எம் மக காது!” என்று அலறினாள். மஞ்சள்கூட இல்லை. எடுத்த எடுப்பில் ரத்தச் சிவப்பு.

“பாப்பா தலையப் பிடிங்கக்கா,” என்றாள் கம்பெனிப் பெண்.

ஊசி இறங்கியது. பூங்கனி மூச்சடைத்து, பிறகு கத்தினாள். சின்னக் கல், பால்போல மங்கலாக இருந்தது. நிறம் தெளியக் கொஞ்ச நேரம் ஆகும் என்றாள் அந்தப் பெண். சுடர்க்கொடி பிள்ளையின் மார்பில் கையை வைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன நெஞ்சு அவள் கைக்குள் கிடந்து குதித்தது. மொட்டை அடித்த பிள்ளைகள்கூட அந்நேரம் அழவில்லை என்று தோன்றியது.

கல் தெளிந்தது. வெள்ளை.

“வெள்ள! வெள்ளதான்!” மாமியார் பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், சாஸ்தாவைக் கும்பிட்டாள். சிவந்த காதுக்காரி மடியில் பிள்ளை இனி ஒரு நொடிகூட இருக்கக்கூடாது என்பதுபோலத் தள்ளிப் போய் நின்றாள். காலியான மடியில் சுடர்க்கொடி கைகளை வைத்துக்கொண்டாள். எம் பிள்ளைக்கு இல்லை. இது நிஜ வெள்ளை. அதுபோதும்.

“அக்கா, ஒங்களுக்கு ஊசிப் பெட்டி தெறந்தாச்சு,” என்றாள் கம்பெனிப் பெண். “நாளைக்கே போயிருங்க.”

சுயம்பு வந்து அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் கூட்டத்தில் அது தொடங்கியது. வரிசையில் நின்ற ஒரு வாலிபன் தன் காதைத் தொட்டுப் பார்த்தான். அவனைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு பலர். எல்லாம் வெள்ளைக் காது, எல்லாம் ஒரே மடி.

“எனக்கும் அறுத்துப் பாக்கலாமா?” என்று அந்த வாலிபன் கேட்டான்.

“சும்மா கெடலே!” என்று அவன் அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சொடல மகன் போன வருஷம் பந்து வெளையாடும்போது விழுந்தாம்லா…”

“செல்லத்தாயி. கல்யாணம் ஆகி ஆறு மாசத்துல.”

“அந்த ரெட்டப் பிள்ளையளு.”

“வாய மூடுங்க. நல்ல நாளும் அதுவுமா!”

ஆனால் வாய்கள் மூடவில்லை. ஒருவர் ஒரு பேரைச் சொல்ல, இன்னொருவருக்கு இன்னொரு பேர் நினைவுக்கு வந்தது. இயற்கைச் சாவு, விதி, கண்ணேறு என்று அழுது மறந்த சாவுகள். கோமதி மாமா ஒவ்வொரு பேருக்கும் தலையைத் திருப்பினார். எல்லாம் அவர் தூக்கி வைத்த பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் மாமன் முறைக்குக் கோடித்துணி எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றவர் அவர். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. கால் கையெல்லாம் இரும்பாக இருந்த மனுஷன், திடீரென்று எங்கே நிற்கிறோம் என்று தெரியாத கிழவர் மாதிரி ஆகிவிட்டார்.

சுடர்க்கொடி எழுந்து அவரிடம் போனாள். “மாமா, ஒங்க மேல தப்பில்ல. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காதைத்தான் பார்த்தார். ஒரு விரலை நீட்டி அந்தச் சிவப்புக் கல்லைத் தொட வந்தார், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

அதற்குள் அடுத்த குடும்பத்துப் பெண் முன்னால் வந்துவிட்டாள். பச்சைச் சேலை, இடுப்பில் சந்தன மொட்டையோடு ஒரு கைக்குழந்தை. நடந்தது எதையும் கேட்காதவள் மாதிரி, அல்லது கேட்டதனாலேயே அவசரப்பட்டவள் மாதிரி, “அண்ணாச்சி, அடுத்து எங்க மொற. வந்து உக்காருங்க,” என்று பிள்ளையை அவர் பக்கம் நீட்டினாள்.

பிள்ளை அவர் சால்வையின் குஞ்சத்தை எட்டிப் பிடித்துக்கொண்டு பொக்கை வாயால் சிரித்தது. கோமதி மாமா அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். சால்வையை எடுத்து மணைப்பலகைமேல் வைத்தார். அந்தப் பெண் இன்னும் கையை நீட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

அவர் திரும்பினார். கூட்டம் தானாக வழிவிட்டது. கழற்றிய செருப்பு மரத்தடியிலேயே கிடக்க, அழைத்து வந்த வண்டியையும் தாண்டி, வெயிலில் வெறுங்காலோடு நடந்தார். “அண்ணாச்சி!” என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் நிற்கவில்லை.